டார்வினின் மண்புழு நூல்: அளவீடும் எல்லையும்

சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட இறுதி நூல் மண்புழுக்களைப் பற்றியது. மண்ணுயிர்களின் சூழலியல் பணியை அளவீட்டால் நிறுவிய தொடக்கக்கால ஆய்வுகளுள் அது முதன்மையானது.

நூலின் வலிமை அதன் பொறுமையில் உள்ளது. 1842 டிசம்பரில், தம் இல்லத்தருகே இருந்த புல்வெளியில் சுண்ணக்கட்டித் துண்டுகளை டார்வின் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் கழித்து, 1871இல் அங்குப் பள்ளம் வெட்டியபோது அத்துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் காணப்பட்டன. புழுக்கள் கீழ்மண்ணை விழுங்கி மேற்பரப்பில் எச்சமாக இட்டமையே இதற்குக் காரணம் என அவர் விளக்கினார். சிறுசெயல்களின் நெடுங்காலத் தொகுப்பே பெருமாற்றம் என்னும் அவரது கருத்துக்கு இது தக்க சான்றாகும்.

எனினும், நூல் புழுவைப் பெரிதும் தனித்தியங்கும் உயிராகவே காட்டுகிறது. அதன் குடலிலும் எச்சத்திலும் செயற்படும் நுண்ணுயிர்கள், சருகைச் சிதைக்கும் பூஞ்சைகள் ஆகியன ஆய்வுப்பொருளாகவில்லை. மண் நுண்ணுயிரியல் அன்று தொடக்கநிலையில் இருந்தமையால், இதனைக் குறை என்பதினும் காலத்தின் எல்லை என்பதே பொருந்தும்.

அவ்வெல்லை பின்னர் மறக்கப்பட்டதே சிக்கல். 'மண்புழு உழவனின் நண்பன்' என்னும் பாடநூல் தொடர், ஓர் உயிரின் பணியை இடம் சாராததாக்கிவிடுகிறது. வட அமெரிக்காவில் பனியூழியின்போது பனிப்பாளம் மூடியிருந்த பகுதிகளின் காடுகள், பின்னர் மண்புழுக்களின்றியே வளர்ந்தவை. ஐரோப்பியக் குடியேற்றத்தோடு அங்குச் சென்ற புழுக்கள் சருகுப் படலத்தை விரைந்து உண்பதால், அதனைச் சார்ந்த தரைத்தாவரங்களும் மரக்கன்றுகளும் நலிகின்றன. உழுநிலத்தில் நன்மையாகும் செயலே அக்காட்டில் கேடாகிறது.

ஆகவே, இன்றைய மண்ணுயிர் ஆய்வு டார்வினிடமிருந்து பெறத்தக்கது பொதுமுடிவன்று. குறித்த நிலத்தில் நெடிது நின்று அளக்கும் முறையே ஆகும்.