சொல்லை மாற்றினால் போதுமா?

பௌதிகச் சோதனைச் சாலையில் மாணவர்களுக்கு நாங்கள் முதலில் கற்பிப்பது இதுதான்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை. ஊசலின் நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்றக்கூடாது. மனித மனத்தை வைத்து இப்படி ஒரு சோதனை செய்ய இயலுமா? அமெரிக்காவில் ஜான் கெல்லி, கசாண்ட்ரா வெஸ்டர்ஹாஃப் என்னும் இருவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அதைச் செய்து காட்டியது. மருந்துக் கடைகளில் போதைநோயாளிகள் படும் அவமதிப்பைப் பற்றிப் பேசுவோர் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவதால், சற்று உரைத்துப் பார்ப்போம், வாசகர்களே.

மனநலத் துறையினர் 500-க்கு மேற்பட்டவர்களிடம் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புத் தரப்பட்டது. பாதிப் பேரின் தாளில் அவர் 'போதைப்பொருள் துர்ப்பிரயோகி'. மற்றவர்களின் தாளில் 'போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உடையவர்'. மற்றபடி இரண்டும் ஒன்றே. முதல் தாளைப் படித்தவர்கள், குற்றம் அவருடையதே, தண்டனை தேவை என்ற கருத்துக்கு அதிகமாக இசைந்தனர். இவர்கள் மனநல சிகிச்சையையே தொழிலாகக் கொண்டவர்கள் என்பதைக் கவனியுங்கள்!

அழகான சோதனைதான். ஆனால் மூன்று அளவுகோல்களில் வேறுபாடு தெரிந்தது ஒன்றில் மட்டுமே. மேலும் அது தாளைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. கடையில் ஆளைப் பார்த்துச் சொன்னதன்று. சொல்லை மாற்றினால் இழிவு நீங்கிவிடும் என்போர், ஆய்வு சொல்லாததைச் சொல்கின்றனர்.

கடைக்கே போவோம். ஹெராயின் போன்ற அபினி வகைப் பழக்கத்துக்குப் பியூப்ரனார்பின் என்றொரு மருந்து உண்டு. மூளையில் ஹெராயின் பற்றும் அதே இடங்களை இதுவும் பற்றும். ஆனால் அரைகுறையாகவே தூண்டும். அதனால் வேட்கை அடங்கும். மூச்சை ஒடுக்கும் ஆற்றலோ ஓர் எல்லையில் நின்றுவிடும். இதை எழுதித்தர மருத்துவர்களுக்குத் தனி அனுமதி தேவை என்ற அமெரிக்க விதி 2022 இறுதியில் நீக்கப்பட்டது. மருந்துக் கடைகளின் நிலை என்ன? கடைகளைத் தொலைபேசியில் விசாரித்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்தில் ஒரு கடை இதைத் தரமாட்டோம் என்றது. வெறுங்கையுடன் திரும்புகிறவர் தெருவில் ஃபென்டனில் வாங்கினால் மூச்சே நின்றுவிடலாம்.

மருந்தாளுநரைக் கொடியவர் என எண்ண வேண்டாம். வெளியூர்க்காரரையும் ரொக்கம் நீட்டுபவரையும் சந்தேகி என்பது அவருக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். இம்மருந்தை எழுதித்தரும் மருத்துவர் தொலைவில் இருந்தால், நோயாளி வெளியூர்க்காரராகத்தானே இருப்பார்? கொள்முதல் கூடினால் மொத்த வியாபாரி கேள்வி கேட்பார். அரசின் விசாரணை பயம் வேறு. இந்த அச்சத்தைச் சொல் மாற்றம் தொடாது. ஆய்வைப் போற்றுவோர் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை என்பதே என் குறை.

அதற்காகச் சொல்லை அலட்சியம் செய்யவும் மனம் வரவில்லை. அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல் 'துர்ப்பிரயோகம்' என்ற நோய்ப்பெயரையே கைவிட்டது. நாமோ 'போதை அடிமை' என்று கூசாமல் எழுதுகிறோம், அறிவியல் கட்டுரைகளிலும்கூட. கெல்லியின் சோதனையைத் தமிழில் செய்து பார்க்க அதிகச் செலவில்லை: இரண்டு தாள்கள், ஒரு சொல் வேறுபாடு. மருந்தியல் மாணவர் யாரேனும் முன்வந்தால், தாளோடு நில்லாமல், இந்நோயாளியைக் கடையில் எத்தனை நிமிடம் காக்க வைத்தார்கள், அடுத்து நின்றவரை எத்தனை நிமிடம் என்பதையும் கடிகாரம் வைத்து அளக்கட்டும்.