பாடநூலில் 1857: பெயரும் பொருளும்

பள்ளி வரலாற்றுப் பாடநூலில் ஒரு நிகழ்ச்சியின் பெயரே அதன் முதல் விளக்கமாகும். மாணவர் அதனை மனனம் செய்கின்றனரேயன்றி ஆராய்வதில்லை. 1857ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று.

இந்நிகழ்ச்சி தமிழில் ‘சிப்பாய்க் கலகம்’, ‘பெருங்கிளர்ச்சி’, ‘முதல் இந்திய விடுதலைப் போர்’ எனப் பலவாறு வழங்குகிறது. இவை ஒருபொருட்பன்மொழிகள் அல்ல. ஆங்கிலேயர் ஆண்ட ‘மியூட்டினி’ என்னும் சொல், படைவீரர் மேலதிகாரிகளை எதிர்த்தெழுதலைச் சிறப்பாகக் குறிக்கும். ‘கலகம்’ என்பதோ சச்சரவையும் குழப்பத்தையும் தழுவியது. நாரதர் மூட்டுவதும் கலகமே. எனவே மொழிபெயர்ப்பில் படைத்துறைப் பொருள் மங்கி, இழிவுக் குறிப்பு மிகுகிறது. ‘சிப்பாய்’ என்னும் அடையோ, மே 10ஆம் நாள் மீரட்டில் வெடித்த எழுச்சியில் பின்னர் அவத் பகுதியின் உழவரும் தாலுக்தார்களும் இணைந்தமையை மறைக்கிறது.

‘விடுதலைப் போர்’ என்பதும் நடுநிலைச் சொல்லன்று. சாவர்க்கர் 1909இல் தம் நூலுக்கு அத்தகைய பெயரிட்டார்; மஜும்தார் 1957இல் அதனை மறுத்தார்.

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2008இல் வெளியிட்ட எட்டாம் வகுப்பு ஆங்கில நூலின் இயல் தலைப்பு, மக்களை எழுவாயாகவும் கிளர்ந்தெழுதலை வினையாகவும் அமைத்தது. அதனை ‘1857 கிளர்ச்சி’ எனப் பெயர்த்தால் பொருள் குன்றாதெனினும் எழுவாய் மறைந்துவிடும்.

ஆகவே, ஒரு பெயரை மட்டும் தேர்ந்து பிறவற்றை நீக்குதல் போதாது. எப்பெயரை யார், எந்நோக்கில் வழங்கினர் என்பதையும் பாடநூல் கூறுதல் வேண்டும். தேர்வும் அதனை வினவுதல் வேண்டும்.