சாய்கோட்டின் அழகு

மலேசியாவின் செனாயில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா தைத்துக்கொண்டிருக்கும் தொங்குதிரையின் இடப்பக்கத்தில் ஒரு சாய்கோடு இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். சாயமேற்றாத கெட்டிப் பருத்தித் துணி. அதன்மேல் காப்பிக்கொட்டை நிறத்து நூல். இடது மேலிருந்து வலது கீழாக, அவசரமில்லாமல் இறங்கிவரும் கோடு. மரத்தின் உருவத்தை அக்கா வரையவில்லை. கிளை இல்லை, இலை இல்லை. ஆனால் ரப்பர்த் தோட்டத்து லயவீடுகளில் பிறந்த எவருக்கும் அது பால்மரத்தின் வெட்டு என்று உடனே தெரிந்துவிடும்.

அந்தச் சாய்வு எப்படி வந்தது என்பதில்தான் என் மனம் சொக்கி நிற்கிறது. துணியின் இழைகளை எண்ணித் தைக்கும் வேலை இது. குறுக்கே இரண்டு இழை நகர்ந்தால் கீழே ஓர் இழை. மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று. கிட்டப் போய்ப் பார்த்தால் நுண்ணிய படிக்கட்டு, இரண்டடி தள்ளி நின்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒரே கோடு. மரத்தில் உளி போடுகிறவர்களும் ஏறத்தாழ இந்தச் சாய்வில்தான் சீவுவார்கள். பட்டைக்குள் பால்குழாய்கள் நேர்க்குத்தாக ஏறாமல் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடது உயர, வலது தாழச் சீவினால்தான் குழாய்கள் நிறைய அறுபட்டுப் பால் நன்றாக இறங்கும். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகத்தான் பட்டையை எடுக்க வேண்டும். உளி ஆழமாகப் பதிந்தால் மரம் காயப்பட்டுப் போகும். அக்காவின் அம்மா பல ஆண்டுகள் அப்படிச் சீவியவர். அந்தக் கையின் அளவு மகளின் ஊசிக்கு வந்து சேர்ந்திருப்பதை அந்தக் கோட்டில் நான் காண்கிறேன்.

எண்ணித் தைக்கும் இந்த முறையை அக்கா நீலகிரித் தோடர் பெண்களின் பூவேலையைப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டார். பூத்துக்குளி என்னும் அவர்களுடைய வெள்ளைப் போர்வையின் சிவப்புக் கறுப்பு வேலைப்பாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தப் பெண்கள் துணிமேல் எதையும் வரைந்துகொள்வதில்லை, சட்டம் மாட்டி இழுத்துக் கட்டுவதுமில்லை. துணியின் பின்புறமிருந்து இழை எண்ணித் தைக்கிறார்கள். முன்புறத்தில் நூல் மெல்லப் புடைத்து எழுகிறது. 2013இல் அந்தக் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்கா அவர்களுடைய எருமைக்கொம்பு வடிவத்தைத் தொடவில்லை. எண்ணும் பொறுமையை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் மண்ணின் வெட்டுக்கோட்டைத் தைத்தார். இந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் அக்காவுக்குத் தன் வேலைமேல் நம்பிக்கை வருவதில்லை. “இதப் போயி பாக்க வந்திட்டியா தம்பி? எங்க முடியப்போவுது! கை சும்மா இருக்க வேணாமேன்னு இழுத்துக்கிட்டு இருக்கேன்” என்பார். சில மாதங்கள் மடித்து அலமாரிக்குள் வைத்தும் விட்டார். துணியின் நடுவே அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கலாம். விரலால் தடவிப் பாருங்கள். அதற்கு முந்தைய தையல்கள் இறுக்கமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பிந்தையவை மெல்ல மெல்லத் தளர்ந்து, நூல் தன் இயல்பான பருமனுக்கு மலர்ந்திருக்கிறது. அழகாக வருமா என்ற கேள்விக்கு அக்காவிடம் இன்றைக்கும் பதில் இல்லை. அடுத்த இழை எது என்பதற்கு மட்டும் எப்போதும் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டே மாலைதோறும் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறார். இறுகிய பகுதியைப் பிரித்துவிடலாமா என்று அவர் கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சினேன். இறுக்கமும் தளர்வும் அருகருகே இருப்பதால்தான் அந்தத் தையலுக்கு உயிருள்ள மரத்தின் சொரசொரப்பு வந்திருக்கிறது.

இந்தத் துணியில் என் உள்ளம் நெடுநேரம் தங்கும் இடம் இன்னொன்று. வெட்டுக்கோட்டுக்குச் சற்று மேலே, சாம்பல் படிந்த வெள்ளையில் ஒரு மெல்லிய நூல். மற்ற நூல்களெல்லாம் துணியோடு பின்னிக்கிடக்க, இது மட்டும் இரு முனைகளில் மட்டும் பிடிக்கப்பட்டு, நடுவில் தளர்வாகக் கிடக்கிறது. நகத்தால் நெம்பினால் எழும்பும். அது கோட்டுப்பால்! முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பால்நாடா. அடுத்த முறை சீவுவதற்குமுன் அதைத்தான் முதலில் உரித்தெடுப்பார்கள். உரித்தெடுக்கக் கூடியதாகவே அதைத் தைக்க வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியதே, அதை என்னவென்று புகழ்வது! அதன் கீழே பால் பிடிக்கும் மங்கு. வாய்வட்டம் மட்டும் அரைவட்டமாக, ஒற்றை இழையில். அதற்குள் வடியும் பாலை வெளுப்பான துணிமேல் வெள்ளை நூலால் தைத்திருக்கிறார். நேர்வெளிச்சத்தில் அது தெரியாது. சன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று ஒழுகும்.

செனாயைச் சுற்றிய பால்மரக்காடுகள் பெரும்பாலும் செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடம்விட்டுவிட்டன. மரங்கள் போனாலும் நினைவைத் துணி காக்கும். மலேசியாவின் சொங்கெட் நெசவு 2021இலும், அண்டை நாடுகளோடு சேர்ந்து கெபாயா உடை 2024இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறின. இரண்டும் கண்ணைப் பறிக்கும் அழகுகள். உளியும் மங்கும் வாளியுமாக உழைத்த நம் பெண்களின் விடியற்காலையும் ஒரு துணியில் ஏறுவதைப் பார்க்கையில் எனக்கு அவற்றுக்குச் சற்றும் குறையாத பெருமிதம்.

விடியற்காலைதான் இன்னும் பாக்கி. திரையின் கீழ்ப்பகுதி வெறுமையாக இருக்கிறது. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும்; அதனால் இருட்டோடு இருட்டாக மரங்களுக்கு நடுவே நடந்த காலடிகளை அங்கே கொண்டுவர வேண்டும் என்கிறார் அக்கா. மூன்று நீலங்கள் வாங்கி வைத்திருக்கிறார். தலைவிளக்குக்காக ஒரே ஒரு மஞ்சள் முடிச்சு போதுமாம். எனக்கு நடு நீலம் பிடித்திருக்கிறது. அக்காவோ கடுநீலத்தைக் கையிலெடுத்து, “அம்மா கிளம்பறப்போ இவ்ளோ இருட்டாத்தான் இருக்கும்” என்றார். கடுநீலத்திலேயே தொடங்கட்டும்.