யார் குடித்த தண்ணீர் கணக்கில் வந்தது?

கொஞ்ச நாளாகப் பிரெஞ்சு பொலினீசியாவின் கதிரியக்கக் கண்காணிப்பு அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். காற்று, குடிநீர், மீன், தேங்காய், காய்கறி என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். சீசியம்-137 இன்னும் லேசாகத் தென்படுகிறது; ஆனால் உடம்புக்குச் சேரும் அளவு மிக மிகக் குறைவு. இந்த எண்களை நான் நம்புகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லைன்னா பீதி கிளப்புகிற கட்டுரை என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

என் கேள்வி வேறு. இன்றைய சுத்தமான எண்கள் நேற்றைய கேள்விக்குப் பதிலாகுமா?

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1966 முதல் 1996 வரை மொருரோவா, ஃபங்கட்டௌஃபா என்ற இரண்டு பவளத்தீவுகளில் பிரான்ஸ் 193 அணுச் சோதனைகளை நடத்தியது. 1974 வரை நடந்த 46 சோதனைகள் வளிமண்டலத்தில். அந்த ஆண்டு ஜூலை 17-ல் நடந்த 'சென்டார்' சோதனையில் மேகம் எதிர்பார்த்த உயரத்துக்கு எழவில்லை, எதிர்பார்த்த திசையிலும் போகவில்லை. 42 மணி நேரத்தில் டஹிட்டிக்கு வந்து சேர்ந்தது. அங்கே இருந்த மக்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது மேற்பார்வை எப்படி நடக்கிறது? மக்கள் வாழும் தீவுகளில் மாதிரிகளைச் சேகரிப்பது சிவில் நிறுவனம். முன்பு ஐ.ஆர்.எஸ்.என்.; 2025 ஜனவரி முதல் அது அணுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணையத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் குண்டு வெடித்த இரண்டு தீவுகளும் ராணுவத்தின் கையில்தான் இருக்கின்றன. அங்கே கண்காணிப்பதும் பாதுகாப்பு அமைச்சகம்தான். தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்துகிறார். மதிப்பெண் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அதை யார் நம்புவார்கள்?

இதைவிடப் பெரிய சிக்கல் நஷ்டஈட்டில் இருக்கிறது. 2010-ல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. அட்டவணையில் உள்ள 23 நோய்களில் ஒன்று வந்திருக்க வேண்டும். சோதனைக் காலத்தில் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இவை பொருந்தினால் சோதனைதான் காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள்: அவர் பெற்ற கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு என்று காட்டினால் மனுவைத் தள்ளலாம்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் பெற்ற கதிர்வீச்சை இன்றைக்கு எப்படிக் காட்டுவது? உடம்பில் மீட்டர் மாட்டிக்கொண்டு யாரும் அலையவில்லையே! கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை 2006-ல் போட்டது பிரெஞ்சு அணுசக்தி ஆணையம். குண்டைத் தயாரித்த அதே நிறுவனம்.

2013-ல் ரகசியம் நீக்கப்பட்ட ராணுவ ஆவணங்களை வைத்து செபாஸ்தியன் பிலிப் என்ற ஆய்வாளரும் தோமா ஸ்தாசியுஸ் என்ற பத்திரிகையாளரும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். முடிவு 2021-ல் வந்தது. சில சோதனைகளில் மக்கள் பெற்ற கதிர்வீச்சு, அரசு சொன்னதைவிட 2 முதல் 10 மடங்கு வரை அதிகமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். சென்டார் ஒன்றிலேயே சுமார் 1,10,000 பேர் அந்த 1 மில்லிசீவர்ட் கோட்டைத் தாண்டியிருக்கக்கூடும்.

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அவர்கள் சுட்டிக்காட்டும் காரணங்களில் ஒன்று மழைநீர். இந்தத் தீவுகள் பலவற்றில் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிப்பார்கள். கதிரியக்கத் தூசியைத் தரைக்குக் கொண்டுவருவதும் அதே மழைதான். அந்தத் தண்ணீர் கணக்கில் உரிய இடத்தைப் பெறவில்லை என்பது அவர்களின் விமர்சனம். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கருவியில் பிழை இருந்தால் சரிசெய்துவிடலாம். மக்கள் எதைக் குடித்தார்கள் என்பதில் பிழை இருந்தால், எவ்வளவு நுட்பமான கருவி இருந்து என்ன பயன்?

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசுத் தரப்பு இந்த மறுகணக்கை ஏற்கவில்லை. ஆணையத்தின் கணக்கு முறையைச் சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர்கள் பரிசீலித்திருக்கிறார்கள் என்கிறது. தனி ஒருவரின் புற்றுநோய் எதனால் வந்தது என்று எந்த விஞ்ஞானியாலும் அடித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. சரி, இரண்டு கணக்கும் சந்தேகத்துக்கு உரியவை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும்? 1 மில்லிசீவர்ட் என்பது மெல்லிய கோடு. 2 முதல் 10 மடங்கு தடுமாறுகிற தூரிகையால் அவ்வளவு மெல்லிய கோட்டைப் போட முடியாது. போட்டுவிட்டு, 'நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம்' என்று ஒரு நோயாளியிடம் சொல்வது அறிவியலே கிடையாது.

2025-ல் பிரெஞ்சு நாடாளுமன்ற விசாரணைக் குழுவும் இந்த வரம்பை நீக்கத்தான் பரிந்துரைத்தது. நான் அதோடு இன்னொன்றையும் சேர்ப்பேன். தீவுகளில் புதிதாக எத்தனை கருவி வைத்தாலும் வைக்கட்டும். அதற்கு முன்னால், அந்த வருடங்களில் அங்கே வாழ்ந்து இன்றும் உயிரோடு இருப்பவர்களிடம் போய், என்ன சாப்பிட்டீர்கள், எந்தத் தொட்டித் தண்ணீரைக் குடித்தீர்கள் என்று உட்கார்ந்து கேட்கட்டும். சீசியம்-137-க்கு அரை ஆயுள் 30 வருடம், அது காத்திருக்கும். அந்த மனிதர்களால் முடியாது.