இயங்குதளத்தோடு பிணைந்த உலாவி: ஒரு திறனாய்வு

உலாவி இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருள். இயங்குதளம் கணினியின் கோப்புகள், நினைவகம், கருவிகள் அனைத்தையும் ஆளும் அடிப்படை மென்பொருள். முன்னது முன்பின் அறியாதவர் எழுதிய நிரல்களை நாள்தோறும் உள்ளே அழைக்கிறது; பின்னது வீட்டுச் சாவிக்கொத்தை வைத்திருக்கிறது. இவ்விரண்டையும் பிணைத்ததால் வந்த பாதுகாப்புக் கேடுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998இல் வெளியிட்ட விண்டோஸ் 98இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை இயங்குதளத்தின் உறுப்பாகவே சேர்த்தது. கோப்புறைகளைக் காட்டவும், அவுட்லுக் எக்ஸ்பிரஸில் மின்னஞ்சலைக் காட்டவும் அந்த உலாவியின் பாகங்களே பயன்பட்டன. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 1999 நவம்பரில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் உண்மை முடிவுகளை வெளியிட்டார். உலாவி வழியாக நுழையும் நச்சுநிரல் பிற பகுதிகளுக்கும் தொற்றுவதை இப்பிணைப்பு எளிதாக்கியது என்பதும் அவற்றுள் ஒன்று.

கேடுகள்

2001 செப்டம்பரில் பரவிய நிம்டா அதை மெய்ப்பித்தது. திருத்தம் நிறுவாத கணினியில் இணைப்புக் கோப்பைச் சொடுக்கவே வேண்டியதில்லை. மின்னஞ்சலை முன்னோட்டமாகப் பார்த்தாலே போதும். விண்டோஸ் எக்ஸ்பியில் வீட்டுப் பயனர் பலரும் நிர்வாகி உரிமையுடனேயே இயங்கியதால், உலாவியை ஏமாற்றிய நிரலுக்கும் அதே உரிமை கிடைத்தது.

அக்காலத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவு பார்க்க மாணவர்களுடன் தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். மதிப்பெண் வருவதற்குள் விளம்பரச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கடைக்காரர் உலாவியை நீக்கிப் பார்த்தார். சின்னம் மட்டுமே மறைந்தது. உலாவி உள்ளேயே இருந்தது.

மதிப்பீடு

பிணைப்புக்கு ஆதரவான வாதமும் உண்டு. ஒரே பாகத்தைப் பல மென்பொருள்கள் பகிர்ந்தால் உழைப்பு மிச்சம். ஒரு திருத்தம் எல்லாவற்றையும் காக்கும். ஆனால் ஓர் ஓட்டையும் அவ்வாறே எல்லாவற்றையும் திறந்துவிடும். எனவே பிணைப்பைவிட, எல்லை வகுக்காத பிணைப்பே பெருங்குற்றம் எனலாம். குற்றாலத்தில் பேரருவியில் வெள்ளம் பெருகினால் அங்கே குளிக்கத் தடை விதிப்பார்கள். அதற்காகத் தென்காசிக் கடைத்தெருவை அடைப்பதில்லை. 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த பாதுகாப்பு முறையும், 2008இல் வந்த குரோமும் உலாவியின் உரிமையைக் குறைத்து இத்தகைய தடுப்பை ஏற்படுத்தின.

பழைய கடன் இன்னும் தீரவில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூனில் ஓய்வு தரப்பட்டது. அதன் பாகங்களோ விண்டோஸில் தங்கிவிட்டன. அதே ஆண்டு அக்டோபரில் வேர்டு ஆவணம் வழியாக அப்பாகங்களின் ஓட்டையைத் தாக்கினர். உலாவியைத் திறக்காதவரும் உலாவியால் பாதிக்கப்படலாம் என்பதே இதன் பாடம்.

முடிவுரை

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதில் உலாவி, தனியே நீக்கவும் மாற்றவும் கூடிய ஒரு தொகுப்பு. அந்த வேறுபாட்டை வகுப்பில் விளக்க நல்ல வாய்ப்பு இருந்தும், நீல நிற எழுத்தைச் சொடுக்கினால் இணையம் என்று மட்டுமே எங்களில் பலர் கற்றுக்கொடுத்தோம். மாணவர்கள் இனியாவது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும்: இந்த மென்பொருளை நீக்க முடியுமா? இது ஏமாந்தால் வேறு எதெல்லாம் பறிபோகும்?