ஆன்லைனில் அடங்காத 400 மணி நேரம்

அமெரிக்காவில் பேச்சு-மொழி நோயியல் முதுகலையை (சுருக்கமா, ஸ்பீச் தெரபி படிப்பு) வீட்டிலிருந்தே முடிக்கலாம் என்கிற விளம்பரங்களில் எனக்கு உறுத்துவது ‘ஆன்லைன்’ என்ற சொல்தான். பாடம் ஆன்லைன், சரி. ஆனா, தேசிய அளவில் சான்றிதழ் தரும் ஆஷா சங்கம் 400 மணி நேர மருத்துவப் பயிற்சி கேட்கிறது. கவனிப்புக்கு 25 போக, மீதி 375 நேரடிப் பயிற்சி. கணினி சிமுலேஷனில் 75 மணி வரைதான் கழியும்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லீங்க. பக்கவாதம் வந்தவருக்கு, இருமலே வராமல் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் இறங்கலாம். விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் பார்த்துப் பழகலாம். பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வாய் கொடுக்கலாமா, நிறுத்தணுமா என்று முடிவெடுப்பது வேற. எங்க மென்பொருள் தொழிலில் தப்பு நடந்தா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். இங்கே முடியாது.

ஆகவே, வேலை பார்த்துக்கொண்டே சேர நினைப்பவர்கள் கட்டணத்துக்கு முன்னாடி கேட்க வேண்டியது இது: பயிற்சிக்குப் பள்ளியோ மருத்துவமனையோ கல்லூரியே பிடித்துத் தருமா, நாமே அலையணுமா? பகல் வேலையை எத்தனை மாதம் விடணும்? விளம்பரம் முதல் வரியில் சொல்ல வேண்டியது இதைத்தான்.