பல உலகங்களும் ஓர் உடைமையும்: ஒரு சித்திரக்கதை இதழ் பற்றிய மறுநோக்கு

வெகுசனப் பண்பாட்டின் உற்பத்திகளை இலக்கிய ஆய்வுக்குப் புறம்பானவை என ஒதுக்கும் போக்கு நம்மிடையே இன்னும் மறைந்துவிடவில்லை. ஒதுக்காதோரும், டோர்ஃப்மனும் மட்டெலாரும் 1971 இல் சிலியில் வெளியிட்ட டொனல்ட் டக் பற்றிய நூலின் வழிநின்று, ஏகாதிபத்தியக் கருத்துநிலையைச் சுட்டிக்காட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். அந்நூலின் பெறுமதியை நாம் மறுக்கவில்லை. ஆயின், சித்திரக்கதை தன்னை உற்பத்தி செய்யும் உடைமை உறவுகளையே கதைப்பொருளாக்கிக் கொள்ளும்போது அந்த அணுகுமுறை மட்டும் போதாது.

ஐக்கிய அமெரிக்காவின் டி.சி. கொமிக்ஸ் நிறுவனம் 1985-86 இல் பன்னிரண்டு இதழ்களாக வெளியிட்ட 'முடிவிலா உலகங்களின் நெருக்கடி' இதற்குத் தக்க உதாரணமாகும். கதை மார்வ் வுல்ஃப்மனுடையது. சித்திரம் ஜோர்ஜ் பெரஸினுடையது. 1985 நவம்பர் எனத் தேதியிடப்பட்ட எட்டாம் இதழே இங்கு எமது கவனத்துக்குரியது. மின்னல் வேக வீரனான 'பிளாஷ்', அதாவது பரி அலன், இவ்விதழிலேயே மடிகின்றான்.

1961 இல் வெளிவந்த கதையொன்றில் இந்த பிளாஷ், 1940களின் பிளாஷை வேறோர் உலகிற் சந்தித்தான். அன்று தொடங்கிய பல்லுலகக் கற்பனை காலப்போக்கில் நிறுவனத்தின் சொத்துப் பதிவேடாகவே மாறியது. எட்டாம் இதழ் தொடங்கும்போது அழியாது எஞ்சியிருப்பவை ஐந்து உலகங்கள். இரண்டு, டி.சி.யின் புதிய, பழைய தலைமுறை மாந்தருக்குரியவை. ஏனைய மூன்றினதும் பூர்வீகத்தை நோக்குக. ஒன்றிலுள்ளோர் 1956 இல் குவாலிற்றி நிறுவனத்திடமிருந்து வந்தவர்கள். இன்னொன்றிலுள்ளோர் 1983 இல் சார்ல்ற்றனிடம் வாங்கப்பட்டவர்கள். மூன்றாவது, ஃபோசெற் நிறுவனத்தின் வீரர்களுக்குரியது. அந்நிறுவனத்துடன் பல்லாண்டு வழக்காடி, 1953 இல் அவ்வீரர்களின் கதைகளையே நிறுத்தச்செய்த டி.சி., 1972 இல் அவர்களை உரிமம் பெற்று வெளியிடலாயிற்று. தொடரின் பிற்பகுதியில் இவ்வைந்தும் ஒரே உலகாகின்றன. புதிய வாசகருக்குக் குழப்பத்தை நீக்குவதே நோக்கம் என்று கூறப்பட்டது. அது பொய்யன்று, ஆனால் மூலதனத்தின் ஒருமுகப்படுத்தல் அண்டப் பேரழிவாக உருமாறி நிற்பதை அக்கூற்று விளக்காது.

எட்டாம் இதழில் எம்மை மிகவுஞ் சிந்திக்கவைப்பது ஒரு கலகம். அழிவின் அதிபதியான அன்ரி-மொனிற்றருக்கு ஊழியஞ் செய்யும் குவார்ட் வீரர் தம் எசமானனுக்கு எதிராகத் திரும்புகின்றனர். எவ்வாறு? பிறர் உணர்ச்சிகளை முகமூடியொன்றினால் ஆட்டிவைக்கும் சைக்கோ-பைரற்றை பரி அலன் அச்சுறுத்திப் பணியவைக்கின்றான். அவன் அவர்களுக்குச் சினத்தை ஊட்டுகின்றான். ஒடுக்கப்பட்டோரின் எழுச்சியை இக்கதையால் கற்பனை செய்ய முடிகின்றது. அவர்களுக்குச் சொந்தமான பிரக்ஞையைக் கற்பனை செய்ய முடிவதில்லை. கலகமும் மேலிருந்தே வழங்கப்படுகின்றது. மீட்சிக்குரிய செயல் தனிவீரன் ஒருவனுக்கே ஒதுக்கப்படுகின்றது.

அச்செயலைப் பெரஸ் தீட்டியுள்ள பக்கங்களின் வலிமையை ஒப்புக்கொள்ளாதுவிடின் எமது விமரிசனம் யாந்திரிகமானதாகிவிடும். பூமியை இலக்காகக் கொண்ட பீரங்கியைச் சுற்றி அவன் ஓடுகின்றான், ஓட ஓட உடல் வற்றுகின்றது, முகம் எலும்பாகின்றது, ஈற்றில் வெறும் உடை மட்டும் கிடக்கின்றது. உழைப்பினால் உறிஞ்சப்படும் உடலை இத்துணை நேராகக் காட்டிய 'முற்போக்குப்' படைப்புகள் பல உளவா என்பது ஐயமே. சுப்பர்மானை ஆக்கிய சீகலும் ஷுஸ்ரரும் 1938 இல் 130 டொலருக்கு அவனை விற்றனர் என்பதையும், ஓய்வூதியம் பெற அவர்கள் 1975 வரை போராட வேண்டியிருந்தது என்பதையும் இவ்விடத்து நினைவிற்கொள்ளல் தகும்.

உடை எஞ்சியது தற்செயலன்று. பரி அலனின் சொந்த இதழ் ஒரு மாதத்துக்கு முன்னரே, 350 ஆம் இலக்கத்துடன் நிறுத்தப்பட்டிருந்தது. பன்னிரண்டாம் இதழில் அவனது சீடன் வலி வெஸ்ற் பிளாஷ் என்ற பெயரை ஏற்கின்றான். 1987 இல் அப்பெயரிலேயே புதிய இதழ் இலக்கம் ஒன்றிலிருந்து விற்பனைக்கு வந்தது. பரி அலனும் 2008 இல் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டான்.